இந்தியா – பாகிஸ்தான் பதற்றத்தில் அமெரிக்காவின் பங்கை அளந்து படிப்பது எப்படி?

2025 மே 10ஆம் தேதி மாலை, இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையை நிறுத்த ஒப்புக்கொண்டுவிட்டன என்ற செய்தியை உலகம் முதலில் கேட்டது டெல்லியிலிருந்தோ இஸ்லாமாபாத்திலிருந்தோ அல்ல. அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப் தமது ‘ட்ரூத் சோஷியல்’ பக்கத்தில் அதை வெளியிட்டார். அமெரிக்காவின் மத்தியஸ்தத்தில் இரவெல்லாம் நீண்ட பேச்சுக்குப் பிறகு இந்த முடிவு எட்டப்பட்டதாக அவர் எழுதினார். சற்று நேரத்தில் இந்திய வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி செய்தியாளர் முன் தோன்றி, பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைகள் தலைமை இயக்குநர் பிற்பகல் 3.35 மணிக்கு இந்தியத் தரப்பின் தலைமை இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தார் என்றும், மாலை 5 மணி முதல் தரை, வான், கடல் ஆகிய மூன்றிலும் எல்லா நடவடிக்கைகளையும் நிறுத்த இருவரும் இசைந்தனர் என்றும் சொன்னார். அவருடைய அறிவிப்பில் அமெரிக்காவின் பெயரே இல்லை. பாகிஸ்தான் பிரதமர் ஷெபாஸ் ஷெரீப்போ டிரம்புக்கு நன்றி தெரிவித்தார். ஒரே நிகழ்வு, ஒரே மாலை, மூன்று விவரணைகள்.

இத்தகைய நாளில் எந்த விவரணையை நம்புவது என்று கேட்பதைவிட, ஒவ்வொன்றும் எதற்காக அப்படிச் சொல்லப்பட்டது என்று கேட்பதே பயன் தரும் என்பது பல ஆண்டுகளாக இந்தச் செய்திகளைக் குறிப்பெடுத்துப் படித்துவரும் எனது அனுபவம். அந்தப் படிப்புமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்கு அயலுறவுத் துறையில் பட்டம் தேவையில்லை; ஒரு குறிப்பேடும், உடனடியாகத் தீர்ப்புச் சொல்லிவிடாத பொறுமையும் போதும்.

முதலில் நேரத்தைக் குறியுங்கள்

குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை ஐந்து பத்தியாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் நேரம், இரண்டாவதில் பேசியவர், மூன்றாவதில் அவர் சொன்ன சொற்கள், நான்காவதில் அதே வேளையில் களத்தில் நடந்தது. ஐந்தாவது பத்தியை இப்போதைக்குக் காலியாக விடுங்கள். நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றியே எழுத வேண்டும். பாகிஸ்தான் நம்மைவிட அரை மணி நேரம் பின்தங்கியது. வாஷிங்டன் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியது. அற்பமாகத் தோன்றும் இந்தக் கணக்கைச் செய்யாமல் விட்டால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். மே 10 அன்று சண்டை நிறுத்தம் நடைமுறைக்கு வந்த மாலை 5 மணி, பாகிஸ்தானில் மாலை 4.30; வாஷிங்டனில் காலை 7.30. டிரம்பின் பதிவு அதற்குப் பிறகுதான் வெளிவந்தது. அதாவது, அந்தப் பதிவை அவர் இடும்போது இரு ராணுவங்களும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தன. அந்தப் பேச்சு நடப்பதற்கு அமெரிக்காவின் அழுத்தம் எவ்வளவு காரணம் என்பது இன்னொரு கேள்வி. அதற்கு இந்த நேரக்கணக்கு விடை சொல்லாது. ஆனால் எதற்கு விடை கிடைத்துவிட்டது, எதற்கு இன்னும் கிடைக்கவில்லை என்பதை அது பிரித்துக் காட்டிவிடுகிறது.

சொற்களை எடைபோடுங்கள்

இந்த விவகாரத்தில் நடுநிலையான சொல் என்று அநேகமாக எதுவும் இல்லை. ‘பாகிஸ்தான் ஆக்கிரமிப்பு காஷ்மீர்’ என்று இந்தியா சொல்வதைப் பாகிஸ்தான் ‘ஆசாத் காஷ்மீர்’ என்கிறது. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் ‘பாகிஸ்தான் நிர்வாகத்தில் உள்ள காஷ்மீர்’ என்று எழுதுகின்றன. ஜம்மு பகுதியில் இந்தியா ‘சர்வதேச எல்லை’ என்று சொல்லும் அதே கோட்டைப் பாகிஸ்தான் ‘செயல்பாட்டு எல்லை’ என்கிறது. 1949இல் கராச்சி உடன்பாட்டின்படி வரையப்பட்ட போர்நிறுத்தக் கோடு, 1971 போருக்குப் பின் சிம்லா ஒப்பந்தத்தை அடுத்துச் சில மாற்றங்களுடன் கட்டுப்பாட்டு எல்லைக் கோடு ஆனது. பெயர் மாறியதில் அரசியல் இருந்தது: ஐ.நா. மேற்பார்வையில் இருந்த கோடு என்ற நிலை போய், இரு நாடுகள் தமக்குள் வகுத்துக்கொண்ட கோடு என்ற நிலை வந்துவிட்டது என்பது இந்தியாவின் வாதம். பாகிஸ்தான் இதை ஏற்பதில்லை. 1948ஆம் ஆண்டின் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் தீர்மானங்களை அது இன்றும் சுட்டிக்காட்டுகிறது.

ஆகவே வல்லரசு ஒன்று வாய் திறக்கும்போது எந்தப் பெயரைப் பயன்படுத்துகிறது என்பதை மூன்றாவது பத்தியில் அப்படியே எழுதிவிடுங்கள். குறிப்பாக ‘மத்தியஸ்தம்’ என்ற சொல் வந்தால் அடிக்கோடிடுங்கள். 1972 ஜூலை 2ஆம் தேதி கையெழுத்தான சிம்லா ஒப்பந்தம், வேறுபாடுகளை இருதரப்புப் பேச்சின் மூலமோ இருவரும் இசைந்து ஏற்கும் வேறு அமைதி வழியிலோ தீர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. இந்தியா இதன் முதல் பாதியை அழுத்திப் படிக்கிறது. பாகிஸ்தான் மூன்றாம் தரப்பை அழைக்கிறது. 2019 ஜூலை 22 அன்று அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் அருகில் இருக்க, மத்தியஸ்தம் செய்யும்படி மோடி தம்மிடம் கேட்டதாக டிரம்ப் சொன்னபோது, சில மணி நேரத்தில் இந்திய வெளியுறவு அமைச்சகம் அப்படி எந்தக் கோரிக்கையும் வைக்கப்படவில்லை என்று மறுத்தது. அந்த மறுப்பின் வேகம் நமக்கு ஒன்றைச் சொல்கிறது: இந்தியாவில் எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டு உள்நாட்டில் நிலைத்து நிற்க முடியாது. ‘உதவினார்கள்’, ‘கவலை தெரிவித்தார்கள்’, ‘தொடர்பில் இருந்தார்கள்’ என்ற சொற்களை டெல்லி பொறுத்துக்கொள்ளும். 2025 மே 10 அன்று மிஸ்ரி ‘ஒப்பந்தம்’ என்று சொல்லாமல் ‘புரிந்துணர்வு’ என்று சொன்னதையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும்.

அறிக்கைகளை அருகருகே வையுங்கள்

அதிகம் கற்றுத்தரும் பகுதி இதுதான் என்பதால் இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். தலைவர்கள் தொலைபேசியில் பேசி முடித்ததும் ஒவ்வொரு தரப்பும் அந்த உரையாடலின் சுருக்கத்தை வெளியிடும். ஊடகங்கள் அதிலிருந்து ஒரு வரியை எடுத்துத் தலைப்பாக்கும். நீங்கள் தலைப்பை விட்டுவிட்டு முழுச் சுருக்கத்தையும் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் பத்து வரிகூட இருக்காது.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏப்ரல் 30 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ, இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கருடனும் பாகிஸ்தான் பிரதமர் ஷெபாஸ் ஷெரீப்புடனும் தனித்தனியே பேசினார். அமெரிக்க வெளியுறவுத் துறை இரண்டு உரையாடல்களுக்கும் சுருக்கம் வெளியிட்டது. ஜெய்சங்கருடனான உரையாடல் குறிப்பில் உயிரிழப்புக்கு வருத்தம், பயங்கரவாதத்துக்கு எதிராக இந்தியாவுடன் ஒத்துழைப்பு, பதற்றத்தைத் தணிக்கப் பாகிஸ்தானுடன் இணைந்து செயல்படுமாறு ஊக்குவிப்பு ஆகியவை இருந்தன. ஷெரீப்புடனான குறிப்பில் தாக்குதலைக் கண்டிக்க வேண்டிய அவசியம், விசாரணைக்குப் பாகிஸ்தான் அதிகாரிகளின் ஒத்துழைப்பு, பதற்றத் தணிப்பு ஆகியவற்றுடன் ‘நேரடித் தொடர்பை மீண்டும் ஏற்படுத்துதல்’ என்ற சொற்களும் இருந்தன. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். விசாரணையில் ஒத்துழைக்கும்படி ஒருவரிடம்தான் கேட்கப்பட்டிருக்கிறது. பதற்றத்தைத் தணிக்கும்படி இருவரிடமும் கேட்கப்பட்டிருக்கிறது. மறுநாள் ஜெய்சங்கர் தாமே இட்ட பதிவில், தாக்குதலை நடத்தியவர்களும் பின்னணியில் இருந்தவர்களும் திட்டமிட்டவர்களும் நீதியின் முன் நிறுத்தப்பட வேண்டும் என்பது இருந்தது. பதற்றத் தணிப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை. விடுபட்ட அந்த ஒன்றில்தான் அன்றைய இந்தியாவின் முடிவு ஒளிந்திருந்தது. ஒரு வாரம் கழித்து, மே 7 அன்று, இந்தியாவின் ராணுவ நடவடிக்கையான ‘ஆபரேஷன் சிந்தூர்’ தொடங்கியது.

பெயர்ப் பட்டியல்களையும் இதேபோல் படியுங்கள். மே 10 அன்று ரூபியோ, கடந்த 48 மணி நேரத்தில் தாமும் துணை அதிபர் வான்ஸும் யார் யாருடன் பேசினோம் என்று வரிசைப்படுத்தினார். இந்தியத் தரப்பில் பிரதமர், வெளியுறவு அமைச்சர், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். பாகிஸ்தான் தரப்பில் பிரதமருடன், ராணுவத் தலைமைத் தளபதி ஆசிம் முனீரும், உளவு அமைப்பின் தலைவராக இருந்துகொண்டே தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பொறுப்பையும் ஏற்றிருந்த ஆசிம் மாலிக்கும். எந்த நாட்டில் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று வாஷிங்டன் கருதுகிறது என்பதை இந்தப் பட்டியலைவிடத் தெளிவாக எந்தத் தலையங்கமும் சொல்லிவிட முடியாது.

கூட்டறிக்கையாக இருந்தால் நிபந்தனைச் சொற்களைத் தேடுங்கள். கார்கில் போரின்போது, 1999 ஜூலை 4 அன்று, அன்றைய பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப் வாஷிங்டனுக்குப் பறந்து சென்று அதிபர் கிளிண்டனைச் சந்தித்தார். அன்றைய கூட்டறிக்கை, சிம்லா ஒப்பந்தத்தின்படி கட்டுப்பாட்டு எல்லைக் கோட்டை மீட்டமைக்க உறுதியான நடவடிக்கைகள் எடுக்கப்படும் என்றது. காஷ்மீர் குறித்த பேச்சு விரைவில் தொடர்வதில் கிளிண்டன் தனிப்பட்ட அக்கறை காட்டுவார் என்றும் சொன்னது, ஆனால் எப்போது? எல்லைக் கோட்டின் புனிதம் முழுமையாக மீட்கப்பட்ட பிறகு. ‘பிறகு’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் முழுப் பேரமும் அடங்கியிருந்தது. ஷெரீப்பிடம் உள்நாட்டில் காட்ட ஒரு வாக்கியம் இருந்தது. இந்தியாவிடம் அதற்கு முன் நிறைவேற வேண்டிய நிபந்தனை இருந்தது. அதே நாளில் டைகர் ஹில் சிகரம் இந்தியப் படைகளின் வசம் வந்ததை நான்காவது பத்தியில் எழுத மறந்துவிடாதீர்கள். வாஷிங்டன் மேசையில் நடந்ததை மட்டும் எழுதி, ஜூன் மாதத்தில் தோலோலிங் முதல் மலை மலையாக ஏறி மீட்ட வீரர்களை விட்டுவிட்டால் அந்தப் பக்கம் பொய்யாகிவிடும்.

வல்லரசுக்கு அந்த ஆண்டு என்ன தேவை?

அமெரிக்கா யார் பக்கம் என்று கேட்பவர்களுக்கு எப்போதும் தவறான விடையே கிடைக்கிறது. அந்தக் குறிப்பிட்ட ஆண்டில் அமெரிக்காவுக்கு இந்தப் பகுதியிலிருந்து என்ன தேவைப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். எழுபது ஆண்டு வரலாறு ஒழுங்காக வரிசையில் நிற்கும்.

1954இல் கம்யூனிசத்துக்கு எதிரான வளையம் தேவைப்பட்டது. பாகிஸ்தானுடன் ராணுவ உதவி ஒப்பந்தம் ஏற்பட்டது, அதே ஆண்டில் தென்கிழக்கு ஆசியாவுக்கான சீட்டோ ராணுவக் கூட்டணியிலும் மறு ஆண்டில் பாக்தாத் ஒப்பந்தத்திலும் பாகிஸ்தான் சேர்ந்தது. அந்த ஆயுதங்கள் இந்தியாவுக்கு எதிராகப் பயன்படா என்று அதிபர் ஐசன்ஹோவர் நேருவுக்கு உறுதியளித்தார். 1960 மே 1 அன்று சோவியத் வானில் வீழ்த்தப்பட்ட யூ-2 உளவு விமானம் பெஷாவரிலிருந்துதான் கிளம்பியது. 1962இல் சீனப் படைகள் உள்ளே வந்தபோது நேரு உதவி கேட்டுக் கென்னடிக்கு எழுதினார். அமெரிக்க ஆயுதங்கள் இந்தியாவுக்கும் வந்தன. 1965 போரில் பஞ்சாபின் கேம்கரன் பகுதியில், அசல் உத்தர் என்ற ஊரருகே, அமெரிக்கா கொடுத்த பேட்டன் டாங்கிகள் வரிசையாக அழிந்து கிடந்தபோது அந்த உறுதிமொழியின் மதிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் போருக்குப் பின் 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் இரு தரப்பையும் உட்கார வைத்தது அமெரிக்கா அல்ல, சோவியத் யூனியன். வியட்நாமில் மூழ்கியிருந்த வாஷிங்டன் அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது.

1971ஐத் தனியாகப் படிக்க வேண்டும். கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த படுகொலைகளைக் கண்டித்து, தமது அரசின் மௌனத்தை எதிர்த்து, டாக்காவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட் ஏப்ரல் 6 அன்று ஒரு தந்தி அனுப்பினார். அது பயன் தரவில்லை. காரணம் ஜூலையில் வெளிப்பட்டது: அதிபர் நிக்சனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிஞ்சர் பாகிஸ்தானில் உடல்நலமில்லை என்று சொல்லிவிட்டு ரகசியமாகப் பெய்ஜிங்குக்குப் பறந்தார். சீனாவுடன் கதவைத் திறக்கப் பாகிஸ்தான் அதிபர் யாஹியா கான் தேவைப்பட்டார். டாக்காவில் செத்தவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. இந்தியா ஆகஸ்ட் 9 அன்று சோவியத் யூனியனுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. டிசம்பர் போரில் பாதுகாப்பு கவுன்சிலில் வந்த போர்நிறுத்தத் தீர்மானங்களை சோவியத் மூன்று முறை ரத்து அதிகாரத்தால் தடுத்தது. அமெரிக்கா தனது எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பியது. டிசம்பர் 16 அன்று சுமார் 93,000 பேர் சரணடைந்தனர். கப்பல் வந்தது, போரின் முடிவு மாறவில்லை. வல்லரசின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று அளக்க விரும்பும் எவரும் இந்த இரு வாரங்களை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

பிறகு வந்த திருப்பங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும் பாகிஸ்தான் மீண்டும் இன்றியமையாததாயிற்று. ரீகன் அரசு 1981இல் 320 கோடி டாலர் உதவியும் எஃப்-16 விமானங்களும் தர முன்வந்தது. 1989இல் சோவியத் வெளியேறியது. 1990 அக்டோபரில், பாகிஸ்தானிடம் அணுகுண்டு இல்லை என்று சான்றளிக்க மறுத்து, பிரெஸ்லர் திருத்தம் என்ற தனது சட்டப் பிரிவின்கீழ் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. பாகிஸ்தானின் அணுத் திட்டம் ஓராண்டில் திடீரென முளைத்ததல்ல. அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கும் தேவைதான் தீர்ந்துபோயிருந்தது. 1998 மே மாத அணுசோதனைகளுக்காக இரு நாடுகள் மீதும் போட்ட தடைகள் 2001 செப்டம்பர் 11க்குப் பின் அதே மாதத்திலேயே நீக்கப்பட்டன. 2004இல் பாகிஸ்தான் நேட்டோவில் சேராத முக்கிய நட்பு நாடு ஆனது. 2008இல் இந்தியாவுடன் சிவில் அணுசக்தி ஒப்பந்தம், 2016இல் இந்தியாவுக்கு ‘முக்கியப் பாதுகாப்புக் கூட்டாளி’ தகுதி. இந்தக் கட்டத்தில் தேவை சீனாவுக்கு எதிரான சமநிலை. 2018 ஜனவரியில் பாகிஸ்தானுக்கான பாதுகாப்பு உதவியை நிறுத்திய அதே அதிபர்தான், 2025 ஜூனில் அந்நாட்டு ராணுவத் தளபதியை வெள்ளை மாளிகையில் விருந்துக்கு அழைத்தார். இதில் நட்பையும் துரோகத்தையும் தேடினால் மனம்தான் புண்படும். தேவையைத் தேடுங்கள்.

எந்தக் கயிறு யார் கையில்?

அழுத்தம் என்று பொதுவாக எழுதாமல் அது எந்தக் கயிற்றின் வழியாக வருகிறது என்று குறியுங்கள். ஆயுதம் ஒரு கயிறு. 1965 செப்டம்பரில் அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுதத்தை நிறுத்தியபோது, காகிதத்தில் சமமாகத் தோன்றிய அந்தத் தடை, அமெரிக்க ஆயுதத்தையே நம்பியிருந்த பாகிஸ்தானை அதிகம் வாட்டியது. இன்று அந்தக் கயிறு வேறு கைக்குப் போய்விட்டது. ஸ்டாக்ஹோமில் உள்ள சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2020 முதல் 2024 வரை பாகிஸ்தானின் ஆயுத இறக்குமதியில் 81 விழுக்காடு சீனாவிலிருந்து வந்தது. ஆகவே இனி உங்கள் குறிப்பேட்டில் பெய்ஜிங்குக்கும் ஒரு வரி வேண்டும்.

உணவும் ஒரு காலத்தில் கயிறாக இருந்தது. 1965, 1966 ஆண்டுகளின் வறட்சியில் அதிபர் ஜான்சன் கோதுமைக் கப்பல்களை மொத்தமாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக அனுமதித்தார். கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்று சொல்லப்பட்ட அந்த நிலையின் அவமானம், தானியத்தில் தன்னிறைவு அடையும் உறுதியை இந்தியாவுக்குத் தந்தது. இப்போது பணம். 2025 மே 9 அன்று, சண்டை உச்சத்தில் இருந்தபோது, பன்னாட்டு நிதியத்தின் செயற்குழு பாகிஸ்தானுக்குச் சுமார் 100 கோடி டாலர் தவணையை விடுவித்தது. இந்தியா வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. அந்த நிதியத்தில் மிகப் பெரிய வாக்குப் பங்கு அமெரிக்காவிடம் இருக்கிறது. தேதியை எழுதுங்கள், அருகில் கேள்விக்குறி போடுங்கள்; அந்தத் தவணைக்கும் மறுநாள் வந்த போர்நிறுத்தத்துக்கும் தொடர்பு இருந்தது என்று ஆதாரமின்றி எழுதாதீர்கள். மிக எளிய கயிறு ஒன்றும் உண்டு: 2002 மே மாத இறுதியில், எல்லையில் லட்சக்கணக்கான படையினர் எதிரெதிரே நின்றபோது, அமெரிக்கர்களை இந்தியாவிலிருந்து வெளியேறும்படி அமெரிக்கா அறிவுறுத்தியது. ஒரு பயண எச்சரிக்கை முதலீட்டாளரையும் சேர்த்தே கிளப்பிவிடும் என்பது டெல்லிக்குப் புரிந்தது. சில நாள்களில் துணை வெளியுறவு அமைச்சர் ஆர்மிட்டேஜ் இஸ்லாமாபாத்துக்கும் டெல்லிக்கும் வந்தார்.

ஓசையில்லாத வழிகளைக் கவனியுங்கள்

தொலைக்காட்சியில் வராதவையே பதற்றத்தின் உண்மையான அளவுகோல். இரு நாட்டு ராணுவ இயக்குநர்களுக்கு இடையேயான நேரடித் தொலைபேசி இயங்குகிறதா? 2021 பிப்ரவரி 25 அன்று கட்டுப்பாட்டு எல்லைக் கோட்டில் போர்நிறுத்தத்தைக் கடைப்பிடிக்க அவர்கள் வெளியிட்ட கூட்டறிக்கை, எந்த ஆரவாரமும் இல்லாமல் எல்லைக் கிராம மக்களுக்கு நான்கு ஆண்டு நிம்மதியைத் தந்தது. தூதரகங்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? 2025 ஏப்ரலில் 55 பேர் என்பது 30 ஆகக் குறைக்கப்பட்டது. அட்டாரி–வாகா வழி திறந்திருக்கிறதா? வான்வெளி திறந்திருக்கிறதா? 2019 பிப்ரவரியில் பாலகோட் தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தான் மூடிய வான்வெளி ஜூலை 16 அன்றுதான் திறந்தது; விமானி அபிநந்தன் மார்ச் 1ஆம் தேதியே திரும்பிவிட்டார். துப்பாக்கி ஓய்ந்த நாளும் பகை தணிந்த நாளும் ஒன்றல்ல.

1960 செப்டம்பர் 19 அன்று உலக வங்கியின் துணையோடு கையெழுத்தான சிந்து நதிநீர் ஒப்பந்தம் மூன்று போர்களைக் கடந்து நின்றது. 2025 ஏப்ரல் 23 அன்று இந்தியா அதை நிறுத்தி வைத்தது. இதை நான் மிகக் கனமான குறியாக எடுத்துக்கொள்கிறேன். மறுபுறம், 1988 டிசம்பர் 31 அன்று ராஜீவ் காந்தியும் பேநசீர் பூட்டோவும் இருந்தபோது கையெழுத்தான உடன்பாட்டின்படி, இரு நாடுகளும் ஒன்றையொன்று தாக்கக்கூடாத அணு நிலையங்களின் பட்டியலை ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் பரிமாறிக்கொள்கின்றன. 1992இல் தொடங்கிய இந்த வழக்கம் கார்கிலிலும் நிற்கவில்லை, மும்பைத் தாக்குதலுக்குப் பின்னும் நிற்கவில்லை. எந்த வல்லரசும் பிடித்துத் தள்ளாமல் நடக்கும் காரியம் இது. ஒவ்வொரு புத்தாண்டிலும் அந்தச் சிறு செய்தியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

முதல் இரண்டு நாள் எண்களைப் பென்சிலால் எழுதுங்கள்

வீழ்த்தப்பட்ட விமானங்கள், கொல்லப்பட்டவர்கள் பற்றி முதல் நாளில் சொல்லப்படும் எண்கள் மாறியே தீரும். 2019 பிப்ரவரி 27 அன்று இரண்டு இந்திய விமானிகள் பிடிபட்டதாகச் சொன்ன பாகிஸ்தான் ராணுவம், அன்றே அதை ஒருவர் என்று திருத்தியது. 2025 மே மாதம் கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டது என்று நம் தொலைக்காட்சிகள் சில இரவெல்லாம் சொன்னது பொய். கணினி விளையாட்டுக் காட்சிகள் போர்க் காட்சிகளாகக் கைப்பேசிகளில் சுற்றின. இந்திய விமானங்களும் வீழ்ந்தன என்பதை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் மே 31 அன்று சிங்கப்பூரில்தான் ஒப்புக்கொண்டார். எண்ணிக்கையைச் சொல்லவில்லை, பாகிஸ்தான் சொன்ன ஆறு என்ற எண்ணை மறுத்தார். மூன்று வாரம் கழித்து வந்த அந்த வாக்கியத்தை எழுத, பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்க வேண்டும். சரிபார்க்காத எதையும் குடும்பக் குழுவுக்கு அனுப்பாதீர்கள். பூஞ்ச், ரஜௌரி போன்ற இடங்களில் குண்டு விழும் தூரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் அதே தகவலைப் பார்த்துத்தான் ஓடுவதா, பதுங்கு குழியில் இருப்பதா என்று முடிவு செய்கிறார்கள்.

ஐந்தாவது பத்தி

இனி, காலியாக விட்ட பத்திக்கு வருவோம். மூன்று மாதம் கழித்து ஒரு முறையும், ஓராண்டு கழித்து ஒரு முறையும் அதே பக்கத்தைத் திறந்து, சொன்னவற்றில் எவை நடந்தன என்று எழுத வேண்டும். சில விடைகள் இன்னும் தாமதமாக வரும். 1971இல் நிக்சனும் கிஸ்ஸிஞ்சரும் தமக்குள் பேசியவற்றின் பெரும்பகுதியை அமெரிக்க அரசின் ஆவணத் தொகுதி 2005இல்தான் வெளிக்கொண்டு வந்தது.

என்னுடைய 2025 மே 10ஆம் தேதிப் பக்கத்தில், மூன்றாவது பத்தியில் ரூபியோவின் அறிவிப்பிலிருந்து இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்று, உடனடிப் போர்நிறுத்தம். அதற்கு நேரே ஐந்தாவது பத்தியில் ‘நின்றது’ என்று எழுதினேன். மற்றது, பொதுவான ஓர் இடத்தில் பல விவகாரங்கள் குறித்து இரு நாடுகளும் பேச்சைத் தொடங்கும் என்பது. டிசம்பர் கடைசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது அதற்கு நேரே எழுத எதுவும் இல்லை. ஒரு கோடு மட்டும் போட்டு மூடினேன்.